மூன்று முறை விண்ணேறிய இளவரசன்: ‘ஹெவன் ஆஃபிசியல்ஸ் பிளெஸ்ஸிங்’ சித்திரக்கதையைத் திருகோணமலையிலிருந்து வாசிப்பவர்களுக்கு

இரண்டு ஆண்களுக்கிடையிலான காதலை அரசவைப் பின்னணியில் சொல்லும் மாயக் கதைகள் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இப்போது ஏராளமாக வருகின்றன. எதை முதலில் கையிலெடுப்பது என்று கேட்டால் ‘ஹெவன் ஆஃபிசியல்ஸ் பிளெஸ்ஸிங்’ என்பதே எங்கள் பதில். மோ ஷியாங் தொங் ஷியூ என்ற புனைபெயரில் எழுதும் சீன எழுத்தாளர் 2017இல் இணையத்தில் தொடராக எழுதத் தொடங்கிய நாவல் இது. அதை ஸ்டாரெம்பர் என்ற ஓவியர் முழு வண்ணச் சித்திரக்கதையாக்கினார். 2019 ஒக்டோபரில் சீனாவின் பிலிபிலி இணையத்தளத்தில் அது வெளிவரத் தொடங்கியது. போனில் மேலிருந்து கீழாக விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கும் நீளப்பட வடிவம். முத்து, லயன் காமிக்ஸ் பக்கங்களில் வளர்ந்த கண்ணுக்கு இது பழக சில அத்தியாயங்கள் பிடிக்கும்.

கதைச் சுருக்கம் முடிச்சுகளை அவிழ்க்காத அளவுக்கு மட்டும். ஷியன்லே நாட்டின் பட்டத்து இளவரசன் ஷியே லியன். பதினேழு வயதிலேயே தெய்வமாகி விண்ணேறுகிறான். அவனுக்கு 8000 கோயில்கள் எழுகின்றன. பின்பு தன் நாட்டைக் காப்பாற்றப் போய்த் தோற்று, விண்ணரசவையிலிருந்து ஒருமுறையல்ல, இரண்டு முறை துரத்தப்படுகிறான். எண்ணூறு ஆண்டுகள் குப்பை பொறுக்கி வயிறு வளர்த்த பிறகு மூன்றாம் முறையாக மேலே போகிறான். போன வேகத்தில் மற்றத் தெய்வங்களின் பொன்மாளிகைகள் இடிய, நட்டஈடாக 88 இலட்சத்து 80 ஆயிரம் புண்ணியம் கடனாக அவன் தலையில் விழுகிறது. கடனை அடைக்க மண்ணுலகுக்கு இறங்கி வந்து பேய்ப் பிரச்சினைகளைத் தீர்க்கும் வேலையை ஏற்கிறான். அப்படி வந்த இடத்தில்தான் செந்நிற ஆடை அணிந்த ஒருவன் அவன் கையைப் பிடிக்கிறான். அவன் பெயர் ஹுவா செங். விண்ணரசவையில் எந்தத் தெய்வமும் சத்தமாகச் சொல்லத் தயங்கும் பெயர்.

இந்தக் கதையில் அரசவை என்பது பின்னால் தொங்கும் பட்டுத் திரைச்சீலையோடு நின்றுவிடவில்லை. யார் முன்னால் நடக்கலாம், யார் எந்த வாசலால் வரலாம், யாருடைய கண்ணை யார் நேராகப் பார்க்கலாம் என்ற ஒழுங்குதான் இங்கே காதலின் மொழி. ஒருவன் பட்டத்து இளவரசனாக இருந்து குப்பை பொறுக்கியவன். மற்றவன் எல்லாப் பேய்களும் அஞ்சும் அரசன். இருவரும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் யார் குனிகிறார்கள், யார் குடை பிடிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வாய்விட்டுக் காதல் சொல்லும் வசனத்துக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். சீன வெளியீட்டு விதிகள் ஆண்காதலை வெளிப்படையாகக் காட்ட இடம் தருவதில்லை. அதனால் சித்திரக்கதை எல்லாவற்றையும் கைகளிலும் துணியிலும் நிறத்திலும் வைத்திருக்கிறது. அகப்பாடலில் தலைவன் பெயரைச் சொல்லாமல், நிலத்தையும் பூவையும் காட்டிப் பொருளை உணரவைக்கும் முறையில் பழகிய தமிழ் வாசகருக்கு இது குறையாகத் தெரியாது. முத்தக் காட்சிகள் நிரம்பிய பல கொரியக் கதைகளைவிட இதில் வெப்பம் கூடுதல் என்று துணிந்து சொல்லலாம்.

யூஜுன் மலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பதினேழு மணப்பெண்கள் காணாமற்போன மலை அது. பேயைப் பிடிக்க ஷியே லியன் தானே மணப்பெண் வேடமிட்டுச் சிவப்புத் திரையால் முகம் மூடிப் பல்லக்கில் போகிறான். அந்தத் திரைதான் காட்சியின் திறவுகோல். அதற்குள்ளிருந்து அவனுக்குத் தெரிவது கீழ்ப்பாதி மட்டுமே: நீட்டிய ஒரு கை, செந்நிற ஆடையின் ஓரம், வெள்ளிச் சங்கிலி ஒலிக்கும் காலணி. அவன் காணாததை நாமும் காண்பதில்லை. காட்டில் தலைகீழாகத் தொங்கும் உடல்களிலிருந்து இரத்தம் மழையாய்ச் சொட்டும்போது மேலே ஒரு குடை விரிகிறது. பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. நீளப்பட வடிவத்தில் இரு படங்களுக்கிடையே விடும் வெற்றிடம்தான் காலம். விரல் எவ்வளவு நேரம் வெற்றிடத்தில் நகர்கிறதோ அவ்வளவு நேரம் மௌனம் நீள்கிறது. இந்தப் பகுதியை வேகமாகத் தள்ளி வாசித்தால் பாதி போய்விடும். முகம் காட்டாத இடங்களில் விரலை மெதுவாக விடுங்கள்.

அதற்கடுத்து வரும் மாட்டுவண்டிப் பயணமும், ஷியே லியன் தனக்கென அமைத்துக்கொள்ளும் புசி சிற்றாலயத்து நாட்களும் எங்களுக்கு இதைவிடப் பிடித்தவை. சான் லாங் என்ற பெயரில் ஓர் இளைஞன் வந்து சேர்கிறான். அவன் மனிதனா பேயா என்று ஷியே லியனுக்குச் சந்தேகம். பேய் எடுத்த உருவத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும் என்பது அந்த உலகத்து விதி. கைரேகை மங்கலாயிருக்கலாம், மயிரிழை பிரியாமலிருக்கலாம். ஆகவே ரேகை பார்ப்பதாகச் சொல்லிக் கையை எடுத்துப் பார்க்கிறான். சரிந்து கிடக்கும் கொண்டையைத் திருத்துவதாகச் சொல்லித் தலைமயிருக்குள் விரல் விட்டுத் தேடுகிறான். மற்றவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு தலையைக் கொடுத்தபடி இருக்கிறான். விசாரணையும் நெருக்கமும் ஒரே அசைவுக்குள் இருக்கும் இந்த இடத்தில் ஓவியர் கண்ணிமை, விரல் நுனி, கழுத்து என்று சிறு துண்டுப் படங்களாக வெட்டிக் காட்டுகிறார். மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் சொல்வதற்கு வகுப்பில் உதாரணம் தேடும் ஆசிரியர் இதைக் காட்டலாம்.

பேய் நகரத்துச் சூதாட்ட மண்டபமும் தவறவிடக் கூடாதது. அங்கே கையை, காலை, ஆயுளைப் பணயம் வைப்பார்கள். ஷியே லியனிடம் இருப்பதோ பாதி கடித்த ஒரு பன் மட்டும். அதையே வைக்கிறான். திரைக்குப் பின்னால் வீற்றிருக்கும் மண்டபத்தின் அரசன் அதை ஏற்றுக்கொண்டு, பகடை உருட்டும் விதத்தை அவன் கைமேல் கைவைத்துச் சொல்லிக் கொடுக்கிறான். சுற்றி நிற்கும் பேய்க்கூட்டத்தின் வாய் பிளந்த முகங்கள்தான் அந்தக் காட்சியின் நகைச்சுவை. அரசன் இப்படி ஒருவருக்கும் செய்ததில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்த முகங்கள் சொல்லிவிடுகின்றன.

நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் கெடுவது முதலில் அதுதான். ஷியே லியனுக்கு வெள்ளை, ஹுவா செங்குக்குச் செங்காந்தள் சிவப்பு, இடையில் பறக்கும் பட்டாம்பூச்சிகளுக்கு வெள்ளி. இந்த மூன்றையும் வைத்துத்தான் யார் எங்கே வந்து போனார் என்பதை ஓவியர் சொல்கிறார். இரவில் கண் கூசாதிருக்க நாம் போட்டுவைக்கும் மஞ்சள் ஒளி வசதி வெள்ளையைப் பழுப்பாக்கும், சிவப்பைச் செம்மண்ணாக்கும், வெள்ளியை விழுங்கிவிடும். வாசிக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் குறையுங்கள். பகலில் உட்துறைமுக வீதியிலோ டச்சு விரிகுடாக் கரையிலோ இருந்து வாசிக்க நினைத்தால் எதிர்வெயிலில் இருட்டுக் காட்சிகள் ஒன்றும் தெரியாது. யூஜுன் மலைப் பகுதி பெரும்பாலும் இரவு. அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போனை நிமிர்த்தியே பிடியுங்கள். கிடையாகத் திருப்பினால் படம் பெருத்து, ஒரு முகத்தைப் பார்க்க மூன்று முறை தள்ள வேண்டி வரும். மடிக்கணினியில் வாசிப்பவர்கள் உலாவியின் அகலத்தைப் பாதியாகச் சுருக்கினால் ஓவியர் நினைத்த அளவுக்குக் கிட்டவாக வரும்.

சிறு பொருட்களில் கண் வையுங்கள். ஹுவா செங்கின் மெல்லிய பின்னலில் கோத்த சிவப்புப் பவள மணி, விரலில் கட்டிய சிவப்பு நூல், ஷியே லியன் கழுத்தில் கட்டுத்துணியால் மறைத்திருக்கும் சாபத்தளை, அவன் கையில் சுற்றியிருந்து தானாக நீளும் ருவோயே என்ற வெள்ளைப் பட்டு. பவள மணி எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்வது பாவம். இரண்டாம் முறை வாசிக்கும்போது முதல் அத்தியாயங்களே வேறு கதையாகத் தெரிவதற்கு அந்த மணி ஒன்று போதும்.

அரசவைக் கதை என்று வாங்கி வாசிப்பவர் நியாயமாகக் கேட்கக்கூடியது: ஷியன்லே அரண்மனை எங்கே? முதற்பகுதி முழுக்க நாம் காண்பது விண்ணரசவையும் அதன் உள்ளரசியலும்தான். ஜூன் வூ என்ற பேரரசன், அவனுக்குக் கீழே மாளிகை மாளிகையாகத் தெய்வ அதிகாரிகள், கும்பிடும் அடியார் கூடினால் பலம் கூடும், குறைந்தால் குறையும் என்ற கணக்கு. ஷியன்லேயின் கதை பின்னோக்கி விரிவது நாவலின் இரண்டாம் பாகத்தில். அங்கேதான் இளவரசனின் மெய்க்காவலன் ஃபெங் ஷினும், ஏழைக் குடியிலிருந்து வந்து பணியாளாகத் தொடங்கிய மூ சிங்கும் ஏன் இன்றுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கும். ஒரே இளவரசனுக்குப் பணிசெய்த இருவர், ஒருவனுக்கு அந்தப் பணி பெருமை, மற்றவனுக்கு ஆறாத காயம். வர்க்கம் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் அரண்மனைக் கதை இந்த வகையில் அரிது.

நாட்டுக்காக நடக்கும் விழா ஊர்வலக் காட்சியும் அங்கேதான் விரிகிறது. ஊர்வலம் நகரைச் சுற்றி வரும் ஒவ்வொரு சுற்றும் நாட்டுக்கு ஓராண்டு அமைதி என்பது நம்பிக்கை. பொன்முகமூடி அணிந்து தெய்வமாக ஆடிவரும் இளவரசன், மதில்மேலிருந்து விழும் ஒரு குழந்தையைத் தாங்கப் பாய்கிறான். சுற்று முறிகிறது. பத்திரகாளி அம்மன் தேரோ கோணேசர் தேரோ இடைவழியில் நின்றுவிட்டால் ஊர் எப்படிப் பதறும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் திகிலை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர் உயிரா, நாட்டின் நிமித்தமா என்று அந்தக் கணத்தில் அவன் யோசிக்கவே இல்லை. கதை முழுவதும் அந்த யோசிக்காமையின் விலைதான்.

அடுத்து வருவது வரட்சி. யோங்ஆன் பகுதி மக்கள் தண்ணீரின்றித் தலைநகரின் வாசலுக்கு வருகிறார்கள். அரசன் வாசலை மூடுகிறான். இளவரசன் மழை கொண்டுவர ஓடுகிறான், போதவில்லை. போர், பின்பு நோய். இடம்பெயர்வையும் மூடிய வாசல்களையும் அறிந்த நம் மாவட்டத்து வாசகர்களில் சிலருக்கு இந்தப் பகுதி மிகவும் பாரமாக இருக்கும். காதல் கதை என்று நம்பி இரவில் தனியாக இதற்குள் இறங்க வேண்டாம். அதே சமயம், தோற்றுப்போன பின் எல்லாரும் விலகிய ஒருவனைத் தேடி வருபவன் யார் என்ற கேள்விதான் இந்தக் காதலின் வேர். அது இங்கேதான் ஊன்றுகிறது. தன்னைக் காண வரப்போகும் பிசிராந்தையாரைப் பற்றிக் கோப்பெருஞ்சோழன், “செல்வக் காலை நிற்பினும், அல்லற் காலை நில்லலன் மன்னே” என்று புறநானூற்றில் சொல்கிறானே, செல்வக் காலத்தில் வராவிட்டாலும் துன்பக் காலத்தில் வராமல் இருக்கமாட்டான் என்ற அதே உறுதி. அங்கே அது நட்பு. இங்கே எண்ணூறு ஆண்டு காத்திருந்த காதல்.

குறைகளும் உண்டு, சின்னவையல்ல. பெயர்கள் வந்து குவிகின்றன. ஒவ்வொரு தெய்வத்துக்கும் இயற்பெயர், பட்டப்பெயர், மாளிகைப் பெயர் என்று மூன்று. முதற் பத்து அத்தியாயங்களுக்குள் ஷியே லியனுக்குத் துணையாக வரும் ‘ஃபு யாவ்’, ‘நான் ஃபெங்’ என்ற இருவரையும் ஆடை நிறத்தை வைத்தே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் பெயரும் மாளிகையும் எழுதிவைத்தால் பான்யுவே பாலைவனப் பகுதி வரும்போது வழி தவறாது. அங்கே பெய் குடும்பத்துத் தளபதிகள் இருவர் வந்து குழப்பத்தை இரட்டிப்பாக்குவார்கள். சண்டைக் காட்சிகளில் யார் எந்தப் பக்கமிருந்து அடித்தார் என்பது அடிக்கடி தொலைந்துபோகிறது. ஒடுங்கிய நீளப்படத்தில் அகலமான போர்க்களம் அடங்காது என்பதே காரணம். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களாகவோ பழிவாங்குபவர்களாகவோ வந்து போகிறார்கள். யூஜுன் மலை அடிவாரத்துச் சியாவ் யிங் என்ற பெண்ணுக்குக் கதை செய்வது நியாயமே இல்லை. உணர்ச்சி உச்சத்தில் திடீரென்று குட்டையாக வரைந்த கேலி முகங்கள் நுழைவதும் சில இடங்களில் காட்சியைக் கெடுக்கிறது.

வயது பற்றி: காமக் காட்சிகள் இல்லை. ஆனால் தொங்கும் பிணங்கள், பாம்புக்கடி, உடல் சிதைவு, கூட்டமாக ஒருவனை வதைப்பது எல்லாம் உண்டு. பதினாறுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் வாசித்திருப்பது நல்லது.

முறையற்ற மொழிபெயர்ப்புப் பிரதிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அவற்றைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஓவியரின் உழைப்புக்குரிய கூலி முதற் காரணம். அதோடு, வாசிப்பே கெடுகிறது. படங்களை மறுபடி மறுபடி அமுக்கியிருப்பதால் சிவப்பு கட்டம் கட்டமாக உடையும். நீளப்படத்தைச் சம துண்டுகளாக வெட்டும்போது அந்த மௌன வெற்றிடங்கள் நடுவில் அறுந்துபோகும். இயந்திர மொழிபெயர்ப்பில் எழுவாய் இல்லாத சீன வாக்கியங்களுக்கு ‘அவள்’ என்று போட்டுவிட்டு அடுத்த படத்தில் ‘அவன்’ என்று வரும். மணப்பெண் வேடக் காட்சியில் இதனால் யார் யாரென்றே புரியாது.

கொழும்புக்கு இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போகும் வழியில் வாசிக்க நினைப்பவர்கள் அத்தியாயங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். முழு வண்ணப்படம் டேட்டாவைத் தின்னும். கந்தளாய் தாண்டிக் காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது படம் பாதியில் சாம்பல் கட்டமாக நிற்கும். செயலியில் படத்தின் தரத்தைக் குறைத்து டேட்டா மிச்சம் பிடிப்பதைவிட, உயர்ந்த தரத்தில் குறைந்த அத்தியாயங்களை இறக்குவது மேல்.

வீட்டில் ஒரே போனைப் பலர் பாவிப்பது இங்கே சாதாரணம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாத நிலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய அத்தியாய அறிவித்தல் அட்டைப்படத்தோடு திரையில் வரும். அமைப்புகளில் போய் அந்த அறிவித்தலை நிறுத்துங்கள். செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். உலாவியில் வாசித்தால் வரலாறு பதியாத சன்னலைத் திறவுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்குபவை. அவற்றைத் திருத்த முன்வைத்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. இப்படியான சூழலில், இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் மரியாதையோடும் பொறுமையோடும் அன்பு செய்யும் கதை ஒன்று நம் இளைஞர்களின் கைக்கு எட்டுவது பெரிய விடயம். அதை அவர்கள் பயமில்லாமல் வாசிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

சித்திரக்கதையை முடித்த இடத்திலிருந்து நாவலைப் பிடிக்க விரும்புபவர்களுக்கு: ஆங்கிலத்தில் செவன் சீஸ் வெளியீடாக எட்டுத் தொகுதிகள் 2021 டிசெம்பருக்கும் 2023 நவம்பருக்கும் இடையில் வந்து முடிந்துவிட்டன. வெளிவந்தபோது அமெரிக்க விலை தொகுதிக்கு ஏறத்தாழ 20 டொலர், எட்டுக்கும் சேர்த்து 160 டொலருக்குக் கிட்ட. அனுப்புகூலி இதற்கு மேலே. ஆகவே எட்டையும் ஒரேயடியாக எடுக்காமல், வாசிப்பு வட்டமாக நான்கைந்து பேர் சேர்ந்து பங்கிட்டு எடுப்பது கட்டும். முதலாம் தொகுதியில் யூஜுன் மலையும் பான்யுவேயும் வருகின்றன. சித்திரக்கதையில் அவற்றை நன்றாக வாசித்தவர்கள் அதை இரவல் வாங்கிப் புரட்டிவிட்டு 2, 3ஆம் தொகுதிகளில் பணத்தைப் போடலாம். ஷியன்லே அரசவை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் பெயர்ப் பட்டியலும் உச்சரிப்புக் குறிப்பும் தந்திருக்கிறார்கள். முதலில் அந்தப் பக்கங்களைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிராது.

ஓடர் செய்யும் மாதமும் முக்கியம். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் பார்சல் நனைந்து வரும் வாய்ப்பு அதிகம். பொலித்தீன் உறை உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மெல்லிய அட்டைப் புத்தகங்கள் ஆகையால் உப்புக் காற்றில் அட்டை விரைவாக வெளிப்பக்கம் சுருளும். அலுமாரியில் நெருக்கமாக நிமிர்த்தி அடுக்கி, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளை இடையில் போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. இரவல் கொடுக்கும்போது 3ஆம் தொகுதியை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். 4ஐயும் சேர்த்துக் கொடுங்கள். 3ஐ முடித்த கையோடு அடுத்தது இல்லாமல் யாரும் தூங்கமாட்டார்கள்.